அங்கிள் என்று கூப்பிட்ட மாப்பிள்ளை

என் அப்பா மலேசியாவில் குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தார். விடியற்காலையில் பால்வெட்டுக்காரர்களை அவரவர் மர நிரைக்கு அனுப்புவதும், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிறார்களா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. நாள் முழுக்கக் குறை பார்த்த கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது.

சாயங்காலம் குளித்துவிட்டு, தோட்டத்து மளிகைக் கடைக்கு முன்னால் கிடந்த பலகையில் தன் வயதுக்காரர்கள் இரண்டு பேரோடு போய் உட்கார்ந்துகொள்வார். செம்மண் சடக்கில் போகிற இளவட்டங்கள் யாரும் அவர்களிடமிருந்து தப்ப முடியாது. ஒருத்தனுக்குத் தலைமுடி காதை மூடியிருக்கும். இன்னொருத்தன் மோட்டார் சைக்கிளை மெதுவாக்காமல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போவான். நிறுத்தி "எங்கடா போறே?" என்று கேட்டால், "சும்மா லா" என்று பதில் வரும்.

மலாயிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அந்த 'லா' அப்பாவுக்கு ஆகவே ஆகாது.

"சும்மா லாவாம். பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? நாங்கள்லாம் மண்டோரைப் பார்த்தா சைக்கிளை விட்டு எறங்கி தள்ளிக்கிட்டுப் போவோம்."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். மூன்று பேரும் இதையே வேறு வேறு ஆட்களை வைத்து இருட்டும்வரை பேசுவார்கள். பலகையில் இடம் இருந்தாலும் இளவட்டங்கள் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தோட்டத்தில் எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. மாதத்துக்கு ஒரு தடவை சாமியார் வந்து சின்னக் கோயிலில் பூசை வைப்பார். செபங்களின் தமிழை மாற்றி அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பழைய வடமொழிச் சொற்கள் போய் எளிய சொற்கள் வந்திருந்தன. 'சர்வேசுரன்' என்று நாங்கள் சொல்லி வளர்ந்தவர் இப்போது 'இறைவன்' ஆகியிருந்தார். சுங்கைப் பட்டாணி கோயிலில் எல்லோரும் புதிய செபத்தைச் சொன்னார்கள். அப்பா மட்டும் மாறவில்லை. வீட்டில் செபமாலை சொல்லும்போது பழையதைத்தான் சொல்ல வேண்டும்.

"பேரை மாத்திக் கூப்பிட்டா, கூப்பிடுறது தன்னையத்தான்னு சாமிக்கு எப்படித் தெரியும்?" என்பார். கேலிக்குச் சொன்னதல்ல. அவருக்கு அது உண்மையான சந்தேகம்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கை சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் தோட்டத்து முச்சந்தி வரை வரும். காற்சட்டைதான் அங்கே சீருடை. அதைப் பற்றியும் பலகையில் பேச்சு நடந்தது. மகளைப் பற்றிய பேச்சு வந்தால் அப்பா மட்டும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து அம்மாவிடம் சத்தம் போடுவார்.

நான் அப்போது ரப்பர் ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லாரியின் பின்பலகைத் தகரம் கையைக் கிழித்துவிட்டது. சுங்கைப் பட்டாணி அரசாங்க ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர் ஒரு டிரஸர், டாக்டருக்கு உதவியாகக் காயம் பார்க்கிறவர். என் வயதுதான் இருக்கும். ஊசியை எடுத்துக்கொண்டே, "வலிச்சா கத்துங்க அண்ணே. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார். நான் கத்தவில்லை. ஆனால் அப்படி ஒருவர் சொன்னது மனதில் நின்றது. தையல் பிரிக்கப் போனபோது பேச்சுக் கொடுத்தேன். எங்கள் சபைதான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்தது. வீட்டில் வந்து சொன்னேன். அரசாங்க வேலை என்றதும் அப்பாவுக்குப் பிடித்துப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டிரஸர் தன் பெற்றோருடன் பெண் பார்க்க வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலிகள் வாங்கிப் போட்டு, வாசலில் நின்றார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நேராக வந்து கையை நீட்டினார்.

"ஹலோ அங்கிள், சௌக்கியமா?"

கும்பிடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த கைகளில் ஒன்றை அப்பா பிரித்துக் கொடுத்தார். அவர் முகம் அப்போதே மாறிவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுக்கொண்டார். திமிராகப் போட்டது மாதிரி இல்லை. வசதியாக உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவருடைய அப்பாவும் பக்கத்தில் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். பேசும்போது மாப்பிள்ளையின் மேல் கால் லேசாக ஆடியது. என் அப்பா அந்தப் பாதத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

தங்கை கோப்பி கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து அவளிடமே கேட்டார்.

"நைட் ஷிப்டும் இருக்கா? முடிஞ்சு வர்றதுக்கு பஸ் கெடைக்குதா?"

"கம்பெனி பஸ் இருக்கு. சில நாள் லேட்டாகும்" என்றாள் தங்கை.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பெண்ணிடம் பேசி, பெண்ணும் பதில் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. அம்மா முறுக்குத் தட்டை இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் நீட்டினாள்.

அவர்கள் கார் சடக்கைத் தாண்டியதும் அப்பா சொல்லிவிட்டார்.

"வேணாம்."

"ஏம்ப்பா?" என்றேன்.

"அங்கிளாம். நான் என்ன அவனுக்கு வெள்ளைக்காரனா? என் வீட்டுல வந்து என் முன்னாலயே கால்மேல கால் போட்டு ஆட்டுறான். இவன்கிட்ட பொண்ணைக் குடுத்தா நாளைக்கு என்னைய யாருன்னு கேப்பான்."

"டவுன்ல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க."

"நீதானே கூட்டிக்கிட்டு வந்தே. உனக்கும் அந்தப் பழக்கந்தான்."

தங்கை கோப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "இதுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்க" என்றாள். "ரெண்டு பேரும் அம்மாகிட்டதான் கேட்டாங்க, பொண்ணு சமைக்குமான்னு. இவருதான் என்கிட்ட கேட்டாரு. இனிமே யாரையும் கூட்டிக்கிட்டு வராதீங்க." தம்ளர்களோடு பின்பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இதைத் திமிர் என்று அப்பாவால் பலகையில் சொல்ல முடியவில்லை. அதனால் சில நாள் அங்கே போகாமலே இருந்தார்.

வேண்டாம் என்பதை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. டிரஸர் கை கழுவிவிட்டு வந்து கேட்டார். காரணத்தையும் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தங்கச்சி என்ன சொல்லுது?"

அவள் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் வந்து அவருகிட்டயே பேசிக்கிறேன் அண்ணே."

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மா துண்டு கொடுத்தாள். அப்பா உட்காரச் சொல்லவில்லை. அவரும் நின்றுகொண்டே பேசினார்.

"நான் கால்மேல கால் போட்டது உங்களுக்குப் பிடிக்கலைன்னு அண்ணன் சொன்னாரு. அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா?"

"எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல. எங்கப்பா முன்னால நான் அப்படித்தான் உக்காருவேன்."

"எங்கப்பா முன்னால நான் உக்காந்ததே இல்ல" என்றார் அப்பா.

"அவருக்கு அது பிடிக்குமா?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு, "அதை யாரு கேட்டா?" என்றார். குரலில் இருந்த கோபம் கொஞ்சம் இடறியது போல எனக்குத் தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம்.

"இங்க வந்தா காலைக் கீழ வச்சிக்கிறேன்" என்றார் டிரஸர். "ஆனா மனசுல மரியாதை இல்லாமத்தான் அப்படி உக்காந்தேன்னு மட்டும் நெனைக்காதீங்க."

அதற்குள் செபமாலை நேரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் வந்திருந்தாலும் அந்த நேரம் தள்ளிப் போகாது. அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். மாதா படத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலில் நின்றோம். டிரஸரும் ஈரச் சட்டையோடு கதவோரமாக முழங்காலிட்டார்.

அப்பா முதல் பாதியைப் பழைய செபத்தில் சொல்ல, நாங்கள் மறுபாதியைப் பழையபடியே சொன்னோம். கதவோரத்திலிருந்து புதிய செபம் வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான். நாங்கள் பழகிய வேகத்தில் முடிக்க, அவர் நிதானமாகச் சொல்லிக் கொஞ்சம் பின்னால் முடித்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிச் சொல்லுக்காக ஒரு நொடி காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் பத்து மணி முடிந்து இரண்டாவது பத்து ஆரம்பித்தபோது, என் பக்கத்திலிருந்தும் புதிய செபம் கேட்டது. தங்கை. கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக, கதவோரத்துக் குரலோடு சேர்ந்து சொன்னாள்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையில் மணி ஒரு கணம் நகரவில்லை. அம்மா பழையதையே சொன்னாள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அப்புறம் அப்பா அடுத்ததைத் தொடங்கினார். ஐம்பத்து மூன்று மணியையும் அப்படியே சொல்லி முடித்தார். அந்த இரண்டு குரலுக்கும் காத்திருந்து, காத்திருந்து சொன்னார்.

முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், "மழை விடலை. சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

கல்யாணம் சுங்கைப் பட்டாணி கோயிலில் நடந்தது. அப்பா பலகைக்குத் திரும்பினார். இப்போது அவருக்கு நிறையச் செய்தி கிடைத்தது. மருமகன் பெண்டாட்டி துணியைத் துவைத்துக் காயப்போடுகிறான். மகள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வீட்டுக்குப் போனால் அவனே கோப்பி கலக்கிக் கொடுக்கிறான். எல்லாவற்றையும் குறையாகத்தான் சொன்னார். ஆனால் மாதா மாதம் சம்பளம் போட்ட மறுநாள், பஸ் ஏறி அங்கே போகாமல் இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. லாரி முதலாளியிடம் கார் கேட்டு வாங்கி நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் காலை டாக்டர் வார்டுக்குள் வந்தார். மலாய்க்காரர், இளைஞர், மீசை சரியாக முளைக்காத முகம். டாக்டர் தன் கட்டிலைப் பார்த்துத் திரும்பியதும் அப்பா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொள்ளப் போனார். குழாய் இழுபட்டு ஊசி கழன்று, ரத்தம் கையிலும் விரிப்பிலும் வழிந்தது.

"பாக்சிக், பாரிங் சாஜா" என்று டாக்டர் பதறினார். அங்கிள், படுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

என் மைத்துனர் வெள்ளைச் சீருடையில் ஓடிவந்தார். தோளைப் பிடித்து அப்பாவை உட்கார வைத்து, பஞ்சை அழுத்திக்கொண்டே சத்தம் போட்டார்.

"என்ன மாமா இது? செத்துப்போகணும்னு ஆசையா? அவரு வந்தா நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க மகன் வயசு அவருக்கு!"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்பாவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அப்பா ஊசியை மறுபடி குத்தக் கையை நீட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் தங்கை கஞ்சி கொண்டுவந்தபோது, "உம் புருசன் என்னையத் திட்டிட்டான்" என்றார்.

"எதுக்குப்பா?"

"எந்திரிச்சதுக்கு" என்றார். கஞ்சியைக் குடித்தார்.

அடுத்த நாள் காலை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பா முழித்துக்கொண்டு, தோட்டத்தில் யார் நிரையை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வார்டு வாசலில் டாக்டரின் குரல் கேட்டது. அப்பாவின் உடம்பு ஒரு தடவை எழும்பப் பார்த்தது. கட்டில் கம்பியைப் பிடித்தார், விட்டார். பிறகு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். "தூங்குகிறாரா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டை முழுக்கச் சுற்றி அவர் வெளியே போகிறவரை அப்பா கண்ணைத் திறக்கவில்லை.