ஐ வில் அட்ஜஸ்ட் யூ

சங்கரன்கோவிலில் ஒரு மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் சண்முகையாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வினைச்சொல் ஒன்றே ஒன்று: அட்ஜஸ்ட். அவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை படுத்ததும் அதே போர்டைத் திருப்பி எழுதி ஆரம்பித்த மையம் அது. ஃபேன் ஓடாவிட்டால், "அட்ஜஸ்ட் பண்ணுங்கப்பா" என்பார். மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேரை நெருக்கும்போதும் அதேதான். அவர் அறையில் மட்டும் ஏசி ஓடும்.

அங்கே பாடம் நடத்தியவள் நிர்மலாதேவி. குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவளை 'மிஸ்' என்று கூப்பிடும் இடம் உலகத்திலேயே அந்த வகுப்பு ஒன்றுதான். ஒரு நாள் சாயங்காலம் அதையும் சண்முகையா பிடுங்கினார்.

"நாளைலேர்ந்து கிளாஸ எங்க அக்கா மகன் வெங்கடேஷ் எடுப்பான்மா. நீ முன்னால டேபிள்ல இருந்து போன் எடு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரி சார்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. அந்த வாயை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எம்.ஏ. படித்தது இதைச் சொல்லத்தானா?

வகுப்புக்குள் போய் அந்தச் சொல்லையே போர்டில் எழுதினாள். 'பக்கத்தில் சேர்ப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. நடுவில், 'நியாயமான' என்று பொருள்படும் 'ஜஸ்ட்' என்ற வேறொரு சொல்லுக்குச் சொந்தம் என்று ஜனங்கள் தப்பாக நினைத்ததில் அந்த வாடையும் ஒட்டிக்கொண்டது என்றாள். இங்கிலீஷ்காரன் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்வான், வெயிலுக்குத் தன்னையே அட்ஜஸ்ட் செய்துகொள்வான். நம்மூரில் அது அடுத்தவனுக்கு இடும் கட்டளை.

"இந்த வார்த்தய வச்சு 'ஐ'ல ஆரம்பிச்சு ஒரு சென்டென்ஸ் சொல்லுங்க."

எல்லோரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். வகுப்பில் சத்தமே இல்லையே என்று சண்முகையா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இது தெரியாதா?" பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஐ வில் அட்ஜஸ்ட் யூ!"

கடைசி பெஞ்சிலிருந்து ஜவுளிக்கடை சுடலைமணி கை தட்டினான். "அண்ணாச்சி கரெக்டாத்தான் சொல்லுதாரு மிஸ். இத்தன நாளா நம்மளத்தான பண்ணுதாரு!"

வகுப்பே சிரித்தது. பாராட்டு என்று நினைத்து அவரும் சிரித்தார். இந்த ஆளுக்கா பயந்தோம் என்று நிர்மலாவுக்கு வெட்கமாகப் போயிற்று. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டேபிளுக்கு வந்துருவேல்லா?"

"வரமாட்டேன்."

"அப்பம் போன யாரு எடுப்பா?"

"நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும் சார்."

அவள் பாதிப் படி இறங்கும்போதே மேலே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.