நான் உண்டாக்கிய சாமி

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் படிக்கும்போது நான் ஒரு சாமியை உண்டாக்கினேன். வேண்டுமென்று செய்ததல்ல, பள்ளியில் கொடுத்த வேலை. இதுவரை யாரும் சொல்லாத ஒரு புராணக்கதையைச் சொந்தமாக எழுதி, படமும் வரைந்து, திங்கட்கிழமை காலை கொண்டுவர வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார்.

மற்றவர்களுக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம். எனக்கு அப்படியில்லை. முந்தைய பள்ளித் தவணையில் ஒரு கட்டுரையை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து என் பெயரைப் போட்டுக் கொடுத்து, கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தேன். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "இன்னொரு தடவ இப்படி செஞ்சா, உன் எழுத்துல பிழைய மட்டும் திருத்துவேன், படிக்க மாட்டேன்" என்றார். நான் எழுதுவதை ஆசையாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

புதன்கிழமையே கதை வந்துவிட்டது. ரப்பர் மரத்துக்குள் ஒரு அம்மன் இருந்தாள். கத்தி பட்ட இடத்திலெல்லாம் பால் கொடுத்தாள். மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, போக்கிடம் இல்லாமல், பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அன்றிலிருந்து தோட்டத்தில் யாருக்கு அடிபட்டாலும் மங்கை நீட்டி ரத்தத்தை ஏந்திக்கொள்வாள். ஒரு சொட்டு மண்ணில் விழ விடமாட்டாள். ஏந்தியதை அவர்கள் உடம்பிலேயே திரும்ப ஊற்றிவிடுவாள். எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

படத்தை எங்கள் வீட்டில் வைத்து வரைய முடியாது. நாங்கள் ஈப்போ ஜெலாப்பாங்கில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். பத்துக் கட்டளைகளும் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்து அம்மன் வரைந்தால் அம்மா சும்மா விடமாட்டார்.

சனிக்கிழமை காலை தோழி போன் செய்தாள். ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் அவள் வீடு. முந்தின நாள் அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் நழுவித் தொடையைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "நீ வாடி, வீட்டுல இருக்க முடியலலா" என்றாள். வரைதாளையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் அம்மா, மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், சமையலறை மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோழியின் அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் காவல். அவன் கூப்பிடும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. மேசையின் மறுமுனையில் நான் அம்மனை வரைந்து வண்ணம் தீட்டினேன். எல்லாம் முடிந்து கண்கள் மட்டும் பாக்கி. எனக்குக் கண் சரியாக வராது, அதனால் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

"கையில என்னம்மா, மங்கா?" என்று படத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா ஆண்ட்டி. அடிபட்டவங்க ரத்தம் கீழ விழாம பிடிச்சுக்குவாங்க."

பள்ளிக்கூட வேலை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை. அவர் படத்தையே பார்த்தார். "சாமிக்குக் கண்ணு கடைசியாத்தான் தொறக்கணும். தொறம்மா" என்றார்.

இடது கண்ணை வரைந்தேன், வலது கண்ணை வரைந்தேன். பென்சிலைக் கீழே வைத்ததும் போன் அடித்தது. ரத்தம் நின்றுவிட்டதாம். இன்னும் கண் விழிக்கவில்லை, டியூப் எடுக்கவில்லை, ஆனால் ரத்தம் நின்றுவிட்டது.

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் படத்தை எடுத்துச் சுவரில் இருந்த சாமி தட்டில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் வைத்தார். நெற்றியில் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். அதன்பிறகு அது என் படம் இல்லை. சூடம் காட்டிய சாமியைக் கீழே இறக்குவதா? அதுவும் வீட்டுக்காரர் இன்னும் கண் விழிக்காதபோது? தோழி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நினைவிலிருந்தே மறுபடி வரைந்தேன். அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டினார். இரண்டு தடவையும் கணக்குப் போடுகிறேன் என்று பொய் சொன்னேன். இந்த முறையும் கண்கள் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் என் கோப்பை வகுப்பிலேயே திறந்து படித்தார். பாதியில் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு படத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், இந்தச் சாமி எங்க தோட்டத்துல இருக்கு" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. தோழியின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். பொறாமையில் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். "நேத்து நானும் அம்மாவும் போய்க் கும்பிட்டோம். இதே மங்கு, இதே சேலை."

டீச்சர் படத்தைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே இருக்கிற சாமியா?"

சொல்லிவிடலாம். சனிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடலாம், சாட்சிக்குப் பக்கத்திலேயே தோழி இருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் டியூப் எடுக்கல. அம்மா அந்தப் படத்தத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க" என்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லியிருந்தாள். நான் சொன்னால் மத்தியானத்துக்குள் அது தோட்டத்துக்குப் போய்ச் சேரும்.

"பார்த்துத்தான் வரைஞ்சேன், டீச்சர்."

"கதையும் தோட்டத்துக்காரங்க சொன்னதா?"

"ஆமா, டீச்சர்."

அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை தோழியின் அப்பா கண் விழித்தார். அவள் ஓடிவந்து சொன்னபோது அழுதேன். சந்தோஷம்தான். கூடவே அவள்மேல், அவள் அம்மாமேல், அந்தச் சாமிமேல்கூட எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுவாரம் என் கட்டுரை நோட்டு திரும்பி வந்தது. மூன்று பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. வழக்கமாக அடியில் டீச்சர் எனக்கென்று ஒரு வரி எழுதுவார். அன்று அது இல்லை, அந்த வருடம் முடியும்வரை இல்லை.