இனித்த தண்ணீர் கறுத்தது

இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். போன முறை மாத்திரையை ஒன்றுவிடாமல் விழுங்கியிருந்தேன். திரேஸ்புரத்தில் மீன் கூவி விற்கிற வாய், கஞ்சிக்குக்கூடத் திறக்காமல் கிடந்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். “மறுபடியும் டைபாய்டு. கையை ஒழுங்கா கழுவுறீங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மீன்காரின்னா கை கழுவ மாட்டாளா டாக்டர்? குடிக்கிற தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே!”

அவர் பேனாவை வைத்துவிட்டு, தண்ணீரைச் சோதிக்கும் மருந்துத் தூள் போட்ட ஒரு சின்ன சீசாவைத் தந்தார். விலை அதிகமில்லை. கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். என்ன நோய் என்று அது சொல்லாது. குடிக்காதே என்று சொல்லும்.

எங்கள் தெருவில் தண்ணீரைச் சோதிப்பது நாக்கு. தண்ணீர் லாரி வந்ததும் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய். உப்புக் கரிக்கவில்லையா, குடத்தை வை. கடலோரத்தில் உப்புக்கு மட்டுமே பயந்து பழகிவிட்டோம். கிருமி கொல்லும் மருந்து வாடையடித்த குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவப் போனது. இனித்த லாரித் தண்ணீரைத்தான் என் சின்ன மகளும் குடித்தாள்.

லாரிக் குழாயிலிருந்தே நேராகச் சீசாவில் பிடித்தேன். மறுநாள் மைபோலக் கறுத்திருந்தது.

என் கணவர் அந்தோணி தயங்கினார். “ஏளா, லாரி அண்ணாச்சி நமக்குச் சொந்தம். சண்டை வேண்டாம்.”

“அப்போ பிள்ள யாருக்குச் சொந்தம்?”

சுவரைப் பிடித்துக்கொண்டே லாரி நின்ற இடத்துக்கு நடந்து, தண்ணீர் சரியில்லை என்றேன். அண்ணாச்சி சிரித்தார். “என் தண்ணியவா குறை சொல்லுத? குடிச்சுப் பாரு, தேன் மாதிரி இருக்கும்.”

மூடியைத் திறக்காமல் சீசாவை நீட்டினேன். “உங்க பேரனுக்கு இந்தத் தண்ணியக் குடுப்பீங்களா அண்ணாச்சி?”

பின்னால் நின்ற பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

என்னைப்போல் மறுபடியும் படுத்தவர்களே, மருந்தை முழுதாக முடியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எனக்கு முடி கொட்டிவிட்டது. கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. உடம்பு அதன் போக்கில் மெதுவாக வரட்டும், நான் விரட்டுவதில்லை.

சில நாள் கழித்து, லாரித் தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, அண்ணாச்சி லாரியைத் திரும்பக் கொண்டுவந்தார். புதுச் சீசாவில் பிடித்தேன்.

“இது கறுக்காம இருந்தா குடம் வைக்கோம். போயிட்டு அப்புறமா வாங்க.”

“அது வரைக்கும் நான் காத்துக் கிடக்கணுமா?”

“நான் படுக்கையில கிடக்கலையா அண்ணாச்சி? நீங்களும் கிடங்க.”