எதிரே வந்த நீல விளக்கு

கச்சிராயபாளையம் ரோட்டில் வண்டிகளை ஓரங்கட்டி, கலர் கலராக மினுக்கும் பல்புகளை அதிகாரிகள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அழகுக்குப் போட்டிருக்கான், இதுல இன்னா கெட்டுப் போச்சு?" என்று அங்கலாய்த்தார். எனக்குச் சுருக்கென்றது. என்ன கெட்டுப்போகும் என்று எனக்கல்லவா தெரியும்!

என் தங்கையின் கணவர் கல்வராயன் மலையில் ஓர் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்துவர வடக்கனந்தலிலிருந்து நான்தான் மேலே போயிருந்தேன். நாள் இருக்கிறதே என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் வலி கண்டுவிட்டது. அவள் கணவரோ சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். மலை ஏறி வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ கீழே இறங்க வந்தது. "ஏறுங்கம்மா, எதிர்ல ஆம்புலன்ஸ் வந்தா மாத்தி வுட்டுர்றேன்" என்றார் டிரைவர். நல்ல மனிதர். தங்கையை முன்சீட்டில் ஏற்றி உட்காரவும் வைத்தாயிற்று. பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்தது, பனி வேறு. அப்போதுதான் கீழ்வளைவில் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு ஒரு வண்டி ஏறி வந்தது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, ரோட்டோரம் கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்தோம். இனி நமக்கு வேலையில்லை என்று டெம்போக்காரரும் கிளம்பிப் போய்விட்டார்.

வந்து நின்றது கல்யாண வேன். நெற்றியில் சிவப்பும் நீலமும், பக்கவாட்டில் பச்சை, உள்ளே காதைப் பிளக்கும் பாட்டு. மாலையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று இறங்கி வந்தான் டிரைவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அடப் பாவி! ஆம்புலன்ஸ்னு நெனச்சு இருந்த வண்டியையும் அனுப்பிட்டமேடா! இன்னாத்துக்குடா உனக்கு இந்த லைட்டு?"

அவன் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். "நாங்க நடந்துகூடப் போய்க்கிறோம், அவங்கள ஏத்துப்பா" என்றார். அவரைப் பார்த்து எல்லோரும் இறங்கினார்கள். அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பின்சீட்டில் தங்கையின் தலை என் மடியில் கிடந்தது. வளைவுக்கு வளைவு என் கையை நெரித்தாள். "தாங்க முடியலக்கா" என்றாள். "தோ வந்துட்டோம்டி" என்று வாய்கூசாமல் பொய் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலை இறங்கியிருப்போம், எதிரே மறுபடியும் ஒரு நீல விளக்கு மினுக்கிக்கொண்டு வந்தது. ஹெட்லைட்டில் கண் கூசியது. பனியில் என்ன வண்டி என்றே தெரியவில்லை. டிரைவர் பிரேக்கில் கால் வைத்தான்.

"அக்கா, ஆம்புலன்ஸா இருக்குமோ?"

"உன்னாட்டம் இன்னொருத்தன் கல்யாணத்துக்குப் போறான். நிறுத்தாத, போய்க்கினே இரு!"

நான் போட்ட சத்தத்தில் அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். எதிர்வண்டியும் ஒதுங்கி வழிவிட்டது. தாண்டிப் போனோம்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. "ஆம்புலன்ஸ்லேருந்து நர்ஸ் பேசறேங்க. ஊருக்கு வந்துட்டோம், நீங்க ஏதோ வேன்ல போயிட்டீங்கன்றாங்க. வழியில லைட்டு போட்டுக்கினு ஒண்ணு வந்துச்சு. இன்னொரு ஆம்புலன்ஸ் போவுதுன்னு வழி வுட்டோம். அது நீங்களா?"

"நாங்கதாங்க" என்றேன். தங்கைக்கு அதற்குள் பனிக்குடம் உடைந்திருந்தது. அதைச் சொன்னதும் நர்ஸம்மா, "இனிமே ஓட்டாதீங்க, அங்கயே நில்லுங்க, வந்துட்டே இருக்கோம்" என்றார்.

வேன் ஒரு வளைவில் ஓரமாக நின்றது. டிரைவர் அவசரமாக அந்த விளக்குகளை அணைத்தான். "எரியட்டும்டா, இப்பவாவது அவங்களுக்கு அடையாளம் தெரியட்டும்" என்றேன். மறுபடியும் விளக்கைப் போட்டுவிட்டு ரோட்டில் போய்க் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவளை அதில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே, அந்த வளைவிலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. துணிபோலத் துவண்டு கிடந்தது. நர்ஸம்மா அதன் முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்து, ஒரு ரப்பர் பையை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. தங்கை "அக்கா, அழுவுதுக்கா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையை வைத்துக்கொண்டுதான் அவர்கள் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்கள். நிறுத்தாதே என்று சொன்னவள் நான்.