தூணடியில் உட்கார்ந்திருந்தவர்

எகிப்தில் மணலில் பாதி புதைந்த ஒரு கோயிலின் தூணடியில் எங்கள் அப்பா உட்கார்ந்திருந்தார். எட்டு வயதில் ஏறக்குறைய ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் நான் அவரைப் போய்ப் பார்த்துவந்தேன். பார்க்கப் போன இடம் பினாங்கின் ஜார்ஜ்டவுனில், மெக்காலிஸ்டர் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பங்களா.

அந்தப் பங்களாவில் அம்மா வேலை செய்தாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கண் டாக்டர், தமிழ் முஸ்லிம். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் பினாங்கிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் கப்பல்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த குடும்பம் அது. சீமைக்குத் திரும்பிப் போகவிருந்த யாரோ ஒரு வெள்ளைக்கார நீதிபதியிடமிருந்து அந்தப் பாட்டனார் ஆறு புத்தகங்களை வாங்கியிருந்தார். எகிப்தியக் கோயில் சுவர்களில் இருந்த சிற்பங்களையும் ஓவியங்களையும் ஓவியர்கள் அங்கேயே தங்கி, பார்த்துப் பார்த்து வரைந்து, கல்லச்சில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய புத்தகங்கள். உலகத்திலேயே அந்த வரிசை முழுதாக இருப்பது சில இடங்களில்தான் என்று டாக்டர் சொல்வார். அதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. கவலையாகத்தான் சொல்வார்.

கவலைக்குக் காரணம் பினாங்கின் ஈரம். எங்கள் ஊரில் ஒரு தோல் செருப்பை ஒரு வாரம் அலமாரியில் வைத்தால் அது பச்சையாகிவிடும். புத்தகம் எம்மாத்திரம்? ஆகவே வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, அம்மா கையுறை போட்டுக்கொண்டு ஆறு புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்ட வேண்டும். வீடு கூட்டத்தான் அம்மாவை வேலைக்கு வைத்தார்கள். அவளுடைய கை நிதானத்தைப் பார்த்து டாக்டர் புத்தகங்களை அவளிடம் ஒப்படைத்தார். அன்று எனக்குப் பள்ளி இல்லாததால் என்னையும் கூட்டிப்போவாள். "கைய பின்னாடி கட்டிக்க. மூச்சு கூட மெல்லமா விடு" என்பாள்.

ஒவ்வொரு புத்தகமும் நான் மேலே படுத்து உருளலாம் போலப் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தாள் மூடியிருக்கும். அம்மா அதைத் தூக்கும்போது முதலில் மங்கலாகத் தெரிந்த உருவம் சட்டென்று நிறமாகி வரும். பருந்துத் தலை வைத்த சாமி, நரித் தலை வைத்த சாமி. யானைத் தலைச் சாமியைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் எதுவுமில்லை. என்னை அசைத்தது வேறு. கருநீலக் கூரை முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். யாழ் மாதிரி ஒன்றை மீட்டும் பெண்கள். தாமரையும் வாத்தும் ஏந்திப் போகும் வரிசை. சில இடங்களில் சுவரில் இருந்த முகத்தை யாரோ உளியால் கொத்தி எடுத்திருப்பார்கள். ஓவியர் அந்தக் காயத்தையும் அப்படியே வரைந்து வைத்திருந்தார்.

அப்பா எங்கே என்று நான் கேட்டது அப்படி ஒரு சனிக்கிழமைதான். வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா கப்பலில் வேலை செய்கிறார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எனக்கு மூன்று வயதானபோது போனவர். கப்பல் எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்டேன். அம்மாவின் பிரஷ் ஒரு நொடி நின்றது. அவள் கண் புத்தகத்தின் மேல்தான் இருந்தது.

"எகிப்துல" என்றாள்.

"இந்த எகிப்தா?"

"ஆமா. இதேதான். ரொம்ப தூரம்லா. அதான் வர முடியல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மூன்றாம் புத்தகத்தில் நானே அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பிரம்மாண்டமான தூண்கள், பாதிவரை மணல். தூண் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக ஓவியர் அதன் அடியில் ஒரு மனிதரை உட்கார வைத்திருந்தார். என் கட்டைவிரல் அளவுதான் இருப்பார். தலையில் தலைப்பாகை, முகத்தில் மீசை. எங்கள் வீட்டில் அப்பாவின் படம் என்று இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதிலும் அவர் தலைப்பாகை கட்டி, மீசையோடு, யாருக்காகவோ காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்ன இருந்தாலும் அது அம்மா சொன்ன நாடு.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கென்று தனியாக எதுவும் இல்லாத வீட்டில் அது ஒன்று தனியாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அம்மா சாப்பிட அடுப்படிக்குப் போகும் நேரத்தில் மூன்றாம் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடக்கும். நான் நாற்காலியில் முட்டிபோட்டு ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரிடம் பேசுவேன். பல் விழுந்ததைச் சொன்னேன். கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியதைச் சொன்னேன். எங்கள் அடுக்குமாடி மின்தூக்கி கெட்டுப்போய்ப் பன்னிரண்டு மாடி ஏறி அம்மாவுக்கு முட்டி வலி வந்ததைச் சொன்னேன். அவர் பக்கவாட்டில் மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று இருக்கும். அந்த ஏக்கத்தோடு அந்த மெல்லிய தாளை மூடிவிட்டு வருவேன். அடுத்த சனிக்கிழமைக்கு நடுவில் ஆறு நாள் இருக்கும்.

வருடக் கடைசி விடுமுறையில் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். மெல்பர்னில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். புத்தகங்களைக் கோலாலம்பூரில் ஒரு காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறார். புதன்கிழமை வந்து எடுத்துப் போவார்கள். அம்மாவுக்கு அது வேலை போகும் செய்தி. எனக்கு அப்பா போகும் செய்தி.

சனிக்கிழமை நான் பள்ளிக் கைவேலைக் கத்தரிக்கோலைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தாள் நான் நினைத்ததைவிடத் தடிப்பாக இருந்தது. கத்தரிக்கோல் வளையாமல் நேராகப் போனதில் தூணின் ஒரு துண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பென்சில் பெட்டிக்குள், அழிப்பானுக்குப் பக்கத்தில், பஞ்சு வைத்து அவரைப் படுக்க வைத்தேன். நான்கு நாள் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். நான்கு நாளும் அம்மா சமைக்கும்போது அந்தப் பெட்டியை அடுப்படி மேசையில், அம்மாவைப் பார்த்தாற்போல வைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நிறைவான நான்கு நாட்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை வந்தவர் முக்காடு அணிந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணி. சத்தமில்லாமல் நடந்தார். ஒவ்வொரு தாளையும் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்றாம் புத்தகத்தில் நின்றார். தாளைத் தூக்கியபோது தூணடியில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய வெள்ளைக் கையுறை விரல் தெரிந்தது.

டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு அந்த ஓட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் என் முகத்தை ஒரு தடவை பார்த்தது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"நான்தான் டாக்டர். பிரஷ் பட்டுக் கிழிஞ்சிடுச்சு."

"பிரஷ் இவ்வளவு நேரா வெட்டுமாம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அம்மா இல்ல. நான்தான் வெட்டுனேன். எங்க அப்பாவையும் சேர்த்து கே.எல்.லுக்குக் கொண்டுபோயிடுவாங்கன்னுதான்."

கூடவே கொண்டுவந்திருந்த பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினேன். டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண்மணி என்ன என்று மலாயில் கேட்டார். டாக்டர், சின்னப் பிள்ளை, பொம்மை என்று நினைத்து வெட்டிவிட்டாள் என்று பதில் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கு மலாய் தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பெண்மணி என்னைத் திட்டவில்லை. இடுக்கியால் அப்பாவைத் தூக்கி ஒரு கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டார். திரும்ப ஒட்டினால் வெட்டியது தெரியாமல் செய்துவிடலாம் என்றார். நான் அப்போதுதான் அழ ஆரம்பித்தேன். அடி விழும் என்று பயந்து அழுகிறேன் என்று அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்தார். இத்தனை வருடத்தில் அப்பாவின் கப்பலைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தார். எந்தக் கம்பெனிக் கப்பல் என்று. பெரிய கப்பல் என்று அம்மா சொன்னாள். கப்பல்காரக் குடும்பத்துப் பேரன், அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. இன்று மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா அவர கப்பல்லயே வச்சிருப்ப?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அதில் ஏறவில்லை. அடுத்ததில் ஏறினோம். அது படகுத்துறைக்குப் போனது.

நான் செய்ததற்கு, அக்கரைக்குப் படகில் போவது எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. அதனால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பயமாக இருந்தது. அந்தக் காலத்தில் பினாங்குத் தீவிலிருந்து அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போவதற்கு டிக்கெட் கிடையாது, திரும்பி வருவதற்குத்தான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "ஒருத்தர பாக்க" என்றாள்.

அக்கரையில், பாகான் டாலாமில் ஒரு வரிசை வீடு. அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஒருவர் வாசலில் மோட்டர் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பந்தாட்டச் சட்டை, கொஞ்சம் தொப்பை, மழித்த முகம், முன்தலையில் முடி இல்லை. மோட்டர் சீட்டில் ஒரு குட்டிப் பையன் உட்கார்ந்து கைப்பிடியை முறுக்கி வாயால் சத்தம் விட்டுக்கொண்டிருந்தான். அம்மா சந்துக்கு எதிர்ப்பக்கம், கால்வாய் ஓரமாக நின்றாள். நானும் நின்றேன். அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. பிறகு நினைவு வந்தவர் போலக் குழாயை மூடிவிட்டு வாசல் கேட்டருகே வந்தார்.

"இவளா?" என்றார்.

"ம்."

"வளந்துட்டா."

"வளரத்தானே செய்வா" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், யாருங்க அது என்று கேட்டது. அவர் திரும்பாமலே, "தெரிஞ்சவங்க" என்றார். அம்மா என் தோளில் கைவைத்து என்னைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். ஏதோ சொல்லப்போகிறவள் போல வாயைத் திறந்தாள். நான் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. அம்மா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் மோட்டர் கூடையில் கிடந்த ஒரு சோயாப் பால் பொட்டலத்தை எடுத்து வந்தார். அந்தப் பையனுக்கு வாங்கியதாக இருக்கவேண்டும். அவன் அதைப் பார்த்துச் சிணுங்கினான். அவர் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிக் கொடுத்தார். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கி நன்றி சொல்லவேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்றேன்.

அவர் நீட்டிய கை அப்படியே கம்பிகளுக்கு நடுவில் நின்றது. நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட பிறகும் உள்ளே போகவில்லை. இன்னும் ஏதாவது தரப்போகிறாரோ என்று காத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "வா, படகுக்கு நேரமாச்சு" என்றாள். படகு இருபது நிமிடத்துக்கு ஒன்று இருக்கும்.

அவர் யாரென்று அம்மா எனக்குச் சொன்னது, அதற்கு ஆறு வருடம் கழித்து. சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். மழை ஈரமும் மோட்டரும்தான் வந்தன, முகம் வரவில்லை.

அன்றைக்குத் திரும்பும் படகில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை மட்டும் விடவில்லை. வேலை போனதை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். சோயாப் பாலை உறிஞ்சி முடித்தேன். எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லையே.