ஹான்ஸின் தங்கைக்கு ஒரு கடிதம்

ஸ்ட்ராத்ஃபீல்ட், 1976

இன்று மாலை பக்கத்து வீட்டு டென்மார்க் கிழவர் ஹான்ஸ் வேலியோரம் கூப்பிட்டார்.

"பரீட்சைக்கு லண்டன் போகிறாயாமே? அப்படியே டென்மார்க்கில் எங்கள் கடற்கரைக் கிராமத்துக்கும் போய் வா. தங்கை அங்கே விடுதி நடத்துகிறாள். செலவு என்னுடையது."

இரண்டு வருடமாக எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிய மனிதர்!

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி என் காதுக்குள் சொன்னாள்: "சும்மா ஆர் இப்பிடிக் குடுப்பினம்? என்னத்தையோ கடத்தப் போறார்."

உடனே ஹான்ஸ் ஒட்டிய கடித உறை ஒன்றை நீட்டினார். "இதை அவளிடம் கொடு."

"தபாலில் போடலாமே?"

"போட்டேன். பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாள். அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை."

உறையை வாங்கிக்கொண்டேன்.

மனைவி இன்னும் நம்பவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

நீங்கள் என்றால் வாங்கியிருப்பீர்களா?