காற்று போகும் திசை

என்னோடு வேலை செய்த அக்காவின் தொலைபேசியில் அந்தச் செய்தியை நான் கடைசியாகப் பார்த்தது செத்தவீட்டில்தான். "சோழகம் எழும். வடகரைப் படகுகள் போகலாம்." சோழகம் தெற்கிலிருந்து வருவது, அதில் மன்னார்த் தீவின் வடகரைக் கடல் அடங்கிக் கிடக்கும். காற்று மாறும் பருவம் அது. அக்காவின் அண்ணன் செய்தியை நம்பிப் படகை இறக்கியபோது காற்றே இல்லை. பிறகு எழுந்ததோ வாடை, நேர் வடக்கிலிருந்து. மூன்றாம் நாள் அவருடைய உடல் கரையொதுங்கியது.

உப்புக்குளத்தில் எங்கள் கந்தோர் சின்ன அலுவலகம், இரண்டே மேசைகள். வயதில் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா. மீனவருக்குக் காற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்லும் செயலியை இருவரும் ஆளுக்குப் பாதியாக எழுதினோம். வரப்போகும் காற்றின் திசையைக் கணித்துக் கொடுப்பது என் பகுதி. அதற்குப் பெயர் வைத்துச் செய்தி அனுப்புவது அக்காவின் பகுதி. அவர் கடற்கரைக் குடும்பம். கடற்காரருக்குக் காற்றின் திசை என்றால் அது வரும் திசைதான், கேட்கவே தேவையில்லை. நானோ அடம்பன் வயற்காரன், நெல் தூற்றும்போது பதர் பறக்கும் பக்கத்தைப் பார்த்தே வளர்ந்தவன். காற்று போகும் திசையைக் கணக்கிட்டுவிட்டு, அக்கா பார்த்து எழுதுவதற்கான விளக்க ஆவணத்தில் வெறுமனே 'திசை' என்று எழுதினேன். தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டு பகுதிகளும் தேறின. "ஒருக்கா ரெண்டையும் சேத்து, கரையில நிண்டு பாப்பமே தம்பி?" என்று அக்கா கேட்டார். "ஏன் அக்கா வீண் அலைச்சல்? எல்லாம் சரியாத்தானே வருது" என்றேன். சோம்பல், வேறொன்றுமில்லை. முதல் செய்தியை அவர் ஆசையாக அண்ணனுக்குத்தான் அனுப்பினார்.

பிழை எங்கே என்று செத்தவீட்டால் வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். தெற்கே போகும் வாடைக்கு என் பகுதி 'தெற்கு' என்று கொடுக்க, அக்காவின் பகுதி அதைத் தெற்கிலிருந்து வரும் சோழகமாக எடுத்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆவணத்தைத் திறந்து, 'திசை' என்பதற்கு முன்னால் 'காற்று போகும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்தேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, "தெளிவா எழுதியிருக்கே. நீங்கள் வாசிக்கேல்லையோ பிள்ளை?" என்று அக்காவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செயலி இப்போது பிழையில்லாமல் ஓடுகிறது. என்னைப் பாராட்டுகிறார்கள்.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அக்கா வேலையை விட்டு விலக வந்தார். ஆவணம் என் திரையில் திறந்திருந்தது. எந்தச் சொல் எந்த நாளில் சேர்ந்தது என்பதை அது பதிந்து வைத்திருக்கும்; ஒரு சொடுக்கில் பார்த்திருக்கலாம்.

"அந்த ரெண்டு சொல்லும் முதலே இருந்ததோ தம்பி?"

"ஓம் அக்கா."

"அப்ப நான்தான் வாசிக்கேல்லை" என்றார். என்னை நம்பி, பார்க்காமலே போனார்.